செருப்புக் காவல்

என் மகள் சொர்ணத்துக்குச் சாயல் ஒட்டவில்லை என்று டாக்டர் ரித்திகா சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பஸ் ஏறிய பிறகுதான். பெயரைக் கேட்டு அவளைப் பல் போன கிழவி என்று நினைத்துவிடாதீர்கள், அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் காலத்தில் தெருவுக்கு மூன்று தன்ஷிகா இருந்தோம், அதில் நான் ஒருத்தி. அது அலுத்துப்போய்த்தான் இப்போது எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொர்ணம், பேச்சி, வடிவு என்று பெயர் வைக்கிறோம்.

மதுரையில் சாயல் மையத்து அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான், என் வீட்டுக்காரர் கிருத்திக், நடுவில் சொர்ணம்.

"ஒட்டலைன்னா என்ன அர்த்தம் டாக்டர்?" என்றேன்.

"நல்லா நீந்துற ஒருத்தரோட மூளையில நீச்சல் எப்படிப் பதிஞ்சிருக்கோ, அதை எடுத்து ஒரு வில்லையில ஏத்துறோம். அந்த வில்லையைப் பிள்ளையோட காதுக்குப் பின்னால ஒட்டுறோம். ரெண்டு வாரத்துல நீச்சல் உள்ள ஊறிடும், வில்லை தானா உதிர்ந்துடும். உங்க பொண்ணுக்கு வில்லை உதிர்ந்துடுச்சு, உள்ள ஒண்ணும் ஊறலை. சைக்கிளும் அப்படித்தான், கையெழுத்தும் அப்படித்தான். லட்சத்துல ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகும்மா. யாரோட தப்பும் இல்லை."

சொர்ணம் வாயைத் திறந்தாள். "எனக்கு ஒட்டுனது யாரோட நீச்சல்?"

"பெரிய வீரர் ஒருத்தரோடது."

"அவருக்கு யாரு ஒட்டுனா?"

டாக்டர் சிரித்தார். சாயல் ஒட்டாதவள் என்று ஒரு சான்றிதழை அச்சடித்துக் கையில் கொடுத்து, "நல்லாப் பார்த்துக்கங்க" என்றார். ஏதோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெரிய வீரரைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் அவருக்கு இடது காதில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது என்று நாட்டுக்கே தெரியும். நீந்தி முடித்துத் தலையைத் தூக்கியதும் இடது காதை உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டுவாராம். அதுவும் சேர்ந்தே ஊறிவிட்டது. எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் படித்துறையில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், கரையேறுகிற அத்தனை பேரும் இடது காதைத் தட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். நானும் தட்டுவேன். என் அம்மாவும் தட்டுவாள். காதில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் நீந்தியது கட்டிய குளத்தில். ஆகவே குளத்தின் நீளத்துக்கு நீந்தியதும் உடம்பு தானாகச் சுவரைத் தேடும், காலை மடக்கி ஓர் உதை உதைத்துத் திரும்பிவிடும். தாமிரபரணியில் ஏது சுவர்? வெறும் தண்ணீரை உதைத்துவிட்டு எல்லோரும் ஒரே இடத்தில் திரும்பி வருவோம். நட்டாற்றைத் தாண்டி நீந்தியவர் எங்கள் ஊரில் யாருமில்லை. அக்கரையில் ஒரு பெரிய மருதமரம் வேரைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பாலம் சுற்றி, பஸ் ஏறி, காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட்டு யார் போவார்கள்?

பள்ளியில் சனிக்கிழமைதோறும் வெளிவகுப்பு. பிள்ளைகள் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கக் கூடாது, வெளியே வந்து கையால் செய்து பழக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் பழக என்ன இருக்கிறது? எல்லாம் ஏற்கெனவே ஒட்டியாயிற்று. ஹர்ஷினி டீச்சர் விசில் ஊதுவார், முப்பது பிள்ளைகளும் ஒன்றாகக் குதிப்பார்கள், ஒன்றாகப் போவார்கள், ஒன்றாகத் திரும்புவார்கள், ஒன்றாகக் காதைத் தட்டுவார்கள். டீச்சர் எல்லோருக்கும் பச்சைக் குறி போடுவார். அவ்வளவுதான் வெளிவகுப்பு.

ஒருநாள் மீன் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். முப்பது பேர் தண்ணீரில். என் மகள் மட்டும் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி முப்பது சோடிச் செருப்பு, ஒரு மலை துண்டு.

"என்னட்டி பண்ணுத இங்க?"

"செருப்புக்குக் காவல். நாய் தூக்கிட்டுப் போயிருதுல்லா, அதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேரே ஹர்ஷினி டீச்சரிடம் போய், "எம் புள்ள என்ன வாட்ச்மேன் வேலைக்கா வருது?" என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் பாவம், நல்ல மனுஷி. என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "நானா வேணும்னு உக்கார வைக்கேன்? அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணில எறக்குனா என் வேலை போயிரும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். அரையாண்டுப் பரீச்சையப்ப கருவி வச்சு நீச்சல் சோதிப்பாவ. பச்சை விளக்கு எரியலன்னா திருநெல்வேலில சாயல் ஒட்டாத புள்ளைகளுக்கான தனிப்பிரிவுக்கு மாத்திருவாவ. அங்கன ஹாஸ்டல்ல இருந்துதான் படிக்கணும்."

"ஒன்பது வயசுப் புள்ளய ஹாஸ்டல்லயா?"

"நான் என்னத்தச் செய்ய?" என்றார் அவர்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கிருத்திக்கிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நமக்கு நீச்சல் தெரியும்லா? நாமளே சொல்லிக் குடுத்தா என்ன?" என்றார்.

அடடா, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இருந்தது. மறுநாள் வெள்ளனே படித்துறைக்குப் போனோம். கிருத்திக் துண்டோடு படியில் உட்கார்ந்துகொண்டார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "இங்க பாரு சொர்ணம், மொதல்ல கைய இப்படி..." என்று ஆரம்பித்தேன். எப்படி? கை முதலில் போகுமா, கால் முதலில் போகுமா? மூச்சை எப்போது இழுப்பேன்? இத்தனை வருஷம் நீந்தியிருக்கிறேன், ஒரு நாள்கூட இதைக் கேட்டுக்கொண்டதில்லை. சரி, மெதுவாகச் செய்து பார்த்துச் சொல்வோம் என்று ஆழத்துப் பக்கமாக உடம்பைச் சாய்த்தேன். இடது கை போகும்போது வலது கால் என்ன செய்கிறது என்று கவனித்தேன். கவனித்த அந்த நிமிஷம் கையும் நின்றது, காலும் நின்றது. சர்ரென்று உள்ளே போய்விட்டேன்.

கிருத்திக் குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. படியில் ஏறி உட்கார்ந்து இடது காதை மூன்று தட்டுத் தட்டினேன். சொர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எம்மா, உனக்கு நீச்சல் தெரியாது. அந்த வீரர் மாமாவுக்குத்தான் தெரியும்" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவுமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. சோறு வடிப்பதும் ஒட்டியது, கோலம் போடுவதும் ஒட்டியது, எல்லாம் யாரோ கொடுத்தது. கிருத்திக்கும் முயன்று பார்த்தார், அவரும் ஒரு முழுக்குப் போட்டார். இரண்டு பேரும் நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில் ஆற்றில் ஒரு வாழைத்தண்டு மிதந்து வந்தது. மேலே எங்கேயோ கல்யாணம் முடிந்து வாசலில் கட்டிய குலைவாழையை வெட்டி ஆற்றில் போட்டிருக்கிறார்கள். சொர்ணம் யாரையும் கேட்கவில்லை. இரண்டு படி இறங்கினாள், தண்டை எட்டிப் பிடித்தாள், அதன்மேல் குப்புற விழுந்தாள். தண்டு உருண்டது. அவள் உள்ளே போனாள். நான் அலறுவதற்குள் எழுந்து நின்று மூக்கைச் சிந்தினாள். மறுபடி தண்டின்மேல் விழுந்தாள்.

"விடு, நாம பக்கத்துலதான இருக்கோம்" என்றார் கிருத்திக்.

அன்றிலிருந்து பள்ளிக்குப் போகுமுன் தினமும் ஆறு. வாழைத்தண்டை வீட்டுக்கே கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்தாள். அது அழுகினால் வேறொன்று. ஊரில் எங்கே கல்யாணம் என்று விசாரிக்கிறவளாக ஆகிவிட்டாள். கிருத்திக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொள்வார். நான் படியில் நின்று கத்துவேன். நீந்தச் சொல்லிக்கொடுக்கத்தான் தெரியாது, கத்தத் தெரியாதா? அதை எனக்கு யாரும் ஒட்ட வேண்டியதில்லை. அவள் பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் உடம்பு விறைத்து உள்ளே போவதை நான் கவனித்தேன். ஆகவே, "மூச்ச விடுட்டி, கழுத! மூச்ச விடு!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவள் வாயைக் குவித்து ஃபூ என்று விடுவாள். உடனே மிதப்பாள்.

தெரு நாய் ஒன்று ஆற்றில் இறங்கியபோது அதன் பின்னாலேயே போய் அது காலை எப்படி அடிக்கிறது என்று பார்த்தாள். தவளையைப் பார்த்தாள். குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. ஒருநாள் முழங்கால் பாறையில் இடித்து ரத்தம் வந்தது. போதும் நிறுத்து என்றேன். "இனிமே அந்தப் பாறை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள். பேச்சைப் பார்!

ஒரு காலையில் தண்டை விட்டுவிட்டாள். விட்டது அவளுக்கே தெரியவில்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகிறது, இவள் பாட்டுக்கு ஒரு பக்கம் வருகிறாள். கொஞ்சம் நாய் மாதிரி, கொஞ்சம் தவளை மாதிரி, மீதி அவள் மாதிரி. கிருத்திக் என்னைப் பார்த்தார். நான் கத்த மறந்து நின்றேன். அழுதேன் என்று வேறு சொல்ல வேண்டுமா?

சோதனை நாள் வந்தது. பள்ளிக்குள்ளேயே கட்டியிருந்த குளத்தின் ஓரத்தில் கருவியை வைத்தார்கள். சொர்ணம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அழகாகப் போய்ச் சேர்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி போகச் சொன்னார்கள். மறுபடியும் சிவப்பு.

"அவ நீந்துனதை நீங்க பாக்கலியா டீச்சர்?" என்றேன்.

"பாத்தேங்க. எனக்கே கண்ணு கலங்கிட்டு. ஆனா கருவி அந்த வீரர் நீந்துற மாதிரி இருக்கான்னுதான் பாக்கும். இவ நீந்துறது பொருந்தல."

"முங்காமப் போய்ச் சேந்தா பத்தாதா? சவத்துக் கருவி!"

ஹர்ஷினி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் முதல் தேதியில் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டும் என்று தாள் வந்தது. சொர்ணம் அதைப் படித்தாள், மடித்தாள், அழாமல் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வெளிவகுப்புக்கு நானும் போனேன். இனி எத்தனை சனிக்கிழமை அவளைப் பார்க்கக் கிடைக்கும்? அவள் வழக்கம்போலச் செருப்புகளை வரிசையாக அடுக்கினாள். விசில் ஊதியது, முப்பது பேரும் குதித்தார்கள். சொர்ணம் எழுந்தாள். தன் செருப்பையும் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்தாள்.

"எம்மா, செத்த நேரம் செருப்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

முப்பது பேரும் நட்டாற்றுக்குப் போனார்கள், இல்லாத சுவரை உதைத்தார்கள், திரும்பினார்கள். சொர்ணம் திரும்பவில்லை. திரும்பி வருகிறவர்களுக்கு நடுவே நுழைந்து எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருந்தாள். டீச்சர் விசிலை ஊதி ஊதி மூச்சு வாங்கினார். நான் சேலையோடு குதித்தேன். அந்த வீரரின் கையும் காலும் என்னை விறுவிறுவென்று கொண்டுபோயின. அவள் தலை எனக்கு முன்னால் தெரிந்தது, கிட்டத்தில்தான். இன்னும் நாலு வீச்சு. அப்போது என் கால் மடங்கியது, உடம்பு சுழன்றது, நான் கரையைப் பார்த்துத் திரும்பி நீந்திக்கொண்டிருந்தேன். ஐயோ, என் பிள்ளை அங்கே இருக்கிறாள்! மறுபடி திரும்பினேன். மறுபடி அதே இடத்தில் உடம்பு என்னைத் திருப்பியது. என் உடம்பு என் சொல் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

கழுத்தை மட்டும் திருப்பிக் கத்தினேன். "மூச்ச விடுட்டி, கழுத!"

ஃபூ என்ற சத்தம் தண்ணீர்மேல் எனக்குக் கேட்டது.

நான் படியைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் மருதமர வேரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முப்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்து நின்றார்கள். யாரும் காதைத் தட்டவில்லை. அவள் வகுப்புத் தோழி பேச்சி, "டீச்சர், அங்க போகலாமா? போக முடியுமா?" என்று கேட்டாள். சொர்ணம் இளைப்பாறிவிட்டு அதேபோல நீந்தித் திரும்பி வந்தாள். நான் முதுகில் நாலு சாத்துச் சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டேன்.

ஹர்ஷினி டீச்சர் பச்சைக் குறி போட முடியாமல், நடந்ததை அப்படியே மையத்துக்குச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் டாக்டர் ரித்திகா எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"இவளோட நீச்சலைப் பதிவு பண்ணிக்கிறோம்மா. சுவரைத் தேடாத நீச்சல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லை. பழைய வீரர் இப்ப இல்லை, அவரோடதையே திரும்பத் திரும்ப ஒட்டிட்டிருக்கோம்."

"போன தடவை சான்றிதழ் குடுத்துத் தொரத்துனீங்க, இப்ப எம் புள்ள வேணுமாக்கும்?" என்றேன். கிருத்திக் என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. "ஹாஸ்டல் தாளைக் கிழிங்க மொதல்ல."

"கிழிச்சாச்சு" என்றார் டாக்டர்.

சொர்ணம் யோசித்தாள். "என்னோடத ஒட்டுனா அவங்களும் அக்கரைக்கு வருவாங்களா?"

"வருவாங்க."

"அப்ப சரி. தனியா உக்காந்திருக்கப் போரடிக்கு" என்றாள்.

சில நாள் அவள் தலையில் மெல்லிய வலை ஒன்றை மாட்டி ஆற்றிலேயே பதிவு செய்தார்கள். அன்றைய நீச்சலோடு, அதை அவள் பழகின ஞாபகங்களும் சேர்ந்துதான் வரும், பிறகு பிரித்து எடுத்துக்கொள்வோம் என்றார்கள். நான் சத்தம் போடக் கூடாது என்று டாக்டர் கெஞ்சினார். பழக்கம் விடுமா? இரண்டு தடவை கத்திவிட்டேன்.

அப்புறம் ஒரு தகவலும் இல்லை. சொர்ணம் பள்ளிக்குப் போனாள், வந்தாள். வெளிவகுப்பில் அவளை இறங்க விட்டார்கள். ஆனால் மற்றவர்கள் நட்டாற்றில் திரும்பிவிடுவதால் அக்கரையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுவும் ஒருவகைக் காவல் மாதிரித்தான் பட்டது.

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் படித்துறையில் இருக்கும்போது மதுரையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. டாக்டர் ரித்திகாவும் ஆறு பிள்ளைகளும் இறங்கினார்கள். டாக்டர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"தோத்துப்போச்சும்மா. இந்த ஆறு பேருக்கும் சொர்ணத்தோட சாயலை ஒட்டினோம். வில்லை உதிர்ந்துச்சு. தண்ணியில இறக்கினோம். ஒருத்தருக்குக்கூட நீச்சல் வரலை. கல்லு மாதிரி முங்கிட்டாங்க."

"எம் புள்ள மேல குத்தம் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"கேளுங்கம்மா. நாங்க தூக்கிக் கரையில போட்டோம். ஆறு பேரும் மறுபடி குதிச்சாங்க. தண்ணி குடிக்கிறாங்க, மறுபடி குதிக்கிறாங்க. பழைய சாயல் ஏறின பிள்ளை ஏதாவது ஒண்ணு வரலைன்னா அழும், வில்லை கேக்கும். இதுங்க கேக்கவே இல்லை. ஒரு மாசத்துல ஆறு பேரும் நீந்துறாங்க, ஆறு விதமா. அதோட நின்னாச் சரி. அந்தச் சின்னவன் வீட்டு சைக்கிளைக் கழட்டிப்போட்டு மாட்டத் தெரியாம உக்காந்து, கடைசியில மாட்டிட்டான். சைக்கிள் சாயல் வேணாம்னுட்டான். அந்தப் பொண்ணு சமையக்கட்டுல தினம் தோசையைக் கருக்குறாளாம், அவங்க அம்மா என்னைத் திட்டுறாங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். "நீச்சலைப் பதிவு பண்ணணும்னு வந்தோம். சொர்ணம் கத்துக்கிட்ட விதம் பதிவாயிடுச்சு. பிரிக்க வரலை. இது பரவினா எங்க மையத்துக்கு என்ன வேலைன்னு மேல கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்களுக்கும் வெளிவகுப்புக்குப் போக லீவு குடுங்கன்னேன்" என்று டாக்டர் சிரித்தார்.

ஆறு பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொர்ணத்தோடு இறங்கிவிட்டார்கள். ஒருவன் மல்லாந்து போனான், ஒருத்தி பக்கவாட்டில் போனாள். சின்னவனுக்கு நடுவில் பயம் வந்தது போல, தலை உள்ளே போனது. நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் அவனே உதட்டைக் குவித்து ஃபூ என்று விட்டான், மிதந்தான். ஏழு தலைகளும் நட்டாற்றைத் தாண்டின. சொர்ணம் மருதமர வேரில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் போதாமல் ஆறு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

திரும்பி வந்தபோது அந்தத் தோசைக்காரப் பெண் ஈரத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு எப்பப் பயம் வந்தாலும் உள்ள யாரோ ஒரு அம்மா என்னைய, கழுதன்னு திட்டுறாங்க. உடனே பயம் போயிடும். அது நீங்களா?"

நான் அவளைத் துடைத்துவிட்டேன்.

"நீங்க ஏன் அங்க வரலை?" என்று மருதமரத்தைக் காட்டினாள்.

"யாராவது செருப்பப் பாத்துக்கணும்லா" என்றேன்.

சொர்ணம் கேட்டுக்கொண்டு வந்தாள். விளையாடக் கொண்டுவந்து படியில் சாய்த்திருந்த வாழைத்தண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கைய வீசுனாத்தான் அந்த மாமா வந்து உன்னத் திருப்புவாரு. தண்ட ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கோ. கால நீயே அடி."

"எனக்கு அடிக்கத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

செருப்புக்கு டாக்டரைக் காவல் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்டு உருண்டது, ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். காலை உதைத்தேன். அந்த வீரர் உதைத்த மாதிரி இல்லை, அசிங்கமாகத்தான் உதைத்தேன். கிருத்திக் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார். எல்லோரும் திரும்புகிற அந்த இடம் வந்தது. உடம்பு விறைத்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன், தண்டு நழுவப் பார்த்தது.

கரையிலிருந்து மதுரைப் பிள்ளைகள் ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "மூச்ச விடுட்டி, கழுத!"

விட்டேன். மருதமரம் கிட்டே வந்துகொண்டிருந்தது.